கொன்றது கிருமியா, செல்லே செத்ததா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அகார்தட்டு:
ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த புதிதில் நடந்தது. எலியின் தொடை எலும்பு மஜ்ஜையை எடுத்து ஒரு வாரம் வளர்த்தால் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் தட்டோடு ஒட்டிக்கொண்டு கிடைக்கும். அதில் செல் ஒன்றுக்குப் பத்து கிருமி என்ற கணக்கில் சால்மோனெல்லாவை (டைபாய்டு கிருமியின் இனம்) விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், எண்ணெயில் போட்ட பூரி மாதிரி பாதி செல்கள் உப்பி நிற்கின்றன! செல் வளரும் திரவமான மீடியத்தில் தண்ணீர் கலந்துவிட்டேனோ என்று பயந்து தட்டை ஆட்டோகிளேவுக்கு (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) அனுப்பிவிட்டேன். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் சீனியர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், இதைப் பார்க்கத்தானே நாம இந்த லேபே நடத்துறோம்" என்றார்.

நடப்பது இதுதான். சால்மோனெல்லா ஊசி போன்ற ஒரு குழலை நீட்டித் தன் புரதங்களைச் செல்லுக்குள் ஏற்றும். கூடவே அதன் வால் புரதம் ஃபிளாஜெலினும் கொஞ்சம் உள்ளே போய்விடும். காவலுக்கு நிற்கும் புரதங்கள் அதை மோப்பம் பிடித்து காஸ்பேஸ்-1 என்ற நொதியை எழுப்பிவிடும். அது கேஸ்டர்மின்-டி புரதத்தை இரண்டாக வெட்ட, ஒரு துண்டு போய்ச் செல் சவ்வில் ஓட்டை போடும். தண்ணீர் உள்ளே வரும், காய்ச்சலைக் கிளப்பும் ஐ.எல்-1 பீட்டா வெளியே போகும். அதாவது கிருமி வந்ததும் செல்லே செய்துகொள்ளும் தற்கொலை. இந்தச் சாவுக்கு பைரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தது 2001-ல். இதை நடத்தி முடிப்பது கேஸ்டர்மின்-டி என்று தெரிந்தது 2015-ல்தான்.

சீழ்_ஸ்லைடு:
தம்பி, நான் லேப் டெக்னீசியன். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணிலிருந்து வரும் சீழை கிராம் ஸ்டெயின் என்ற சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தே பாதி வயசு போச்சு. ஊதா நிறத்தில் திராட்சைக் குலையாக ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள், சுற்றிலும் உருத்தெரியாமல் கரைந்த நியூட்ரோஃபில்கள் (ஒரு வகை வெள்ளணு). சீழே முக்கால்வாசி செத்த நியூட்ரோஃபில்தானே. அதில் தானாகச் செத்தது எது, கொல்லப்பட்டது எது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் வெள்ளணுவைக் கொல்லவே லுகோசிடின் என்ற நச்சைச் சில ஸ்டஃப் வகைகள் வைத்திருக்கின்றன. பாண்டனும் வாலண்டைனும் 1932-லேயே எழுதிவிட்டார்கள். எல்லாச் சாவையும் தற்கொலைக் கணக்கில் எழுதாதீர்கள்.

அகார்தட்டு:
ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. சீதபேதிக் கிருமியான ஷிகெல்லாவிலும் இந்தக் குழப்பம் இருந்தது. அது மேக்ரோஃபேஜைச் சாகடிப்பதை 1992-ல் அப்போப்டோசிஸ் என்றுதான் எழுதினார்கள். அப்போப்டோசிஸ் என்றால் செல் சத்தமில்லாமல் சுருங்கிச் சாவது. பைரோப்டோசிஸ் ஊரைக் கூட்டிச் சாவது என்று பிறகுதான் பிரித்தார்கள்.

ரெண்டுபிள்ளை_அம்மா:
நான் அறிவியல் படித்தவள் இல்லை. சின்னவனுக்கு டைபாய்டு வந்தபோது ஆறு நாள் காய்ச்சல், ரத்தம் எடுத்தால் வெள்ளணு 3,200. கிருமி இருந்தால் கவுண்ட் ஏறும் என்றுதானே சொல்வார்கள்? ரிப்போர்ட் மாறிவிட்டது என்று லேபில் சண்டையே போட்டேன். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்த பிறகுதான் அடங்கினேன். நீங்கள் சொல்வது போல வெடித்துச் செத்ததால்தான் குறைந்ததா?

சீழ்_ஸ்லைடு:
இல்லம்மா, அப்படி நேராக முடிச்சுப் போட முடியாது. டைபாய்டில் கவுண்ட் இறங்குவது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான், ஆனால் அதில் எலும்பு மஜ்ஜைக்கும் பங்கு உண்டு. சண்டை போட வந்தவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை.

அகார்தட்டு:
செல் இப்படிச் சாவதில் உடம்புக்கு லாபமும் உண்டு. லேபில் நாங்கள் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து போடுவோம். அது செல்லுக்குள் அவ்வளவாக நுழையாது, வெளியே இருக்கும் கிருமியைத்தான் கொல்லும். செல் வெடித்ததும் உள்ளே பதுங்கியிருந்த சால்மோனெல்லா மருந்தில் வந்து விழும். உடம்புக்குள் அந்த இடத்தில் நியூட்ரோஃபில் காத்திருக்கும்.

இன்னொன்று. தண்ணீர் ஏறினால் செல் தானாகக் கிழியும் என்றுதான் படித்திருந்தோம். 2021-ல் நிஞ்சூரின்-1 புரதம் இல்லாத எலி மேக்ரோஃபேஜ்களில் பார்த்தால், செல் செத்துவிட்டது, உப்பியும் நிற்கிறது, கிழியவில்லை. கிழிப்பதற்கென்றே தனியாக ஒரு புரதம்! நான் தூக்கிப்போட்ட முதல் தட்டை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம்.