மறு: பம்பின் "குறுஞ்சுழற்சி": விக்கல் என்று சொன்னால் என்ன குறை?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன், இனி முடியாது. இழுவீட்டின் நன்னீர் ஏற்பாட்டில் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதப்போகிறோம் என்று தொடங்கினோம், இப்போது எல்லா மடலும் ஒரே சொல்லில் வந்து முட்டி நிற்கிறது: பம்பு விட்டு விட்டு ஓடுவதை ஆங்கிலத்தில் ஷார்ட் சைக்கிளிங் என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன? (இழுவீடு என்றால் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டுவண்டி. அந்தச் சொல்லை யாரும் மறுபடி கிளற வேண்டாம், அது முடிந்துபோன வழக்கு.)

> ஷார்ட் சைக்கிளிங் = குறுஞ்சுழற்சி. நேரான சொல், சுருக்கம், இலக்கணப் பிழையும் இல்லை.

இலக்கணப் பிழை இல்லைதான். ஆனால் "பம்பு குறுஞ்சுழற்சி செய்கிறது" என்று படிப்பவர் மோட்டார் சுற்றுவதில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார், ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மோட்டாரைக் கழற்றப் போவார். மோட்டார் மேல் ஒரு குற்றமும் இல்லை, பாவம், அது சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

நடப்பது என்னவென்றால், தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துத் தரும் 12 வோல்ட் பம்பில் ஓர் அழுத்த ஸ்விட்ச் இருக்கிறது. பைப்புக்குள் அழுத்தம் ஏறி 45, 55 பிஎஸ்ஐ என்று ஓர் அளவுக்கு வந்ததும் (இது பம்புக்குப் பம்பு மாறும்) பம்பை நிறுத்திவிடும், அழுத்தம் அதற்குக் கீழே ஓரளவு இறங்கினால் மறுபடி ஓடவிடும். எல்லாக் குழாயும் மூடியிருந்தால் அழுத்தம் இறங்கக் காரணமே இல்லை, பம்பு விடியும்வரை வாய் திறக்கக் கூடாது. ஆனால் தண்ணீர் காற்றைப் போல அமுங்கி இருந்து விரிந்து ஈடுகட்டுகிற பொருள் இல்லையே, அதனால் எங்கோ கொஞ்சம் வெளியேறினாலும் அழுத்தம் மளமளவென்று இறங்குகிறது. பம்பு ஒரு விநாடி டர்ர் என்று ஓடி நிற்கும், கால் மணி கழித்து மறுபடியும் ஒரு டர்ர். நள்ளிரவில் படுக்கைக்கு அடியிலிருந்து இந்தச் சத்தத்தைக் கேட்ட யாருக்கும் வாயில் வருகிற சொல் "பம்பு விக்குது" என்பதுதான். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிதாக ஒன்று?

இதில் வினை வடிவமும் இலவசமாகக் கிடைக்கிறது. பம்பு விக்குகிறது, விக்கவில்லை, விக்கல் நின்றது, விக்கல் இடைவெளி இருபது நிமிடம். "குறுஞ்சுழற்சி இடைவெளி" என்று ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விக்கல் இடைவெளியை வைத்துக் கசிவு பெரிதா சிறிதா என்று இரண்டு வண்டிகளை ஒப்பிட முடியாது. பம்பை ஒட்டிக் காற்றுக்கலன் பொருத்தியிருந்தால், அல்லது தண்ணீரைச் சூடேற்றும் ஹீட்டரின் மேற்பகுதியில் கொஞ்சம் காற்று தங்கியிருந்தால், அந்தக் காற்று அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், அதே கசிவுக்கு விக்கல் தள்ளித் தள்ளி வரும். ஒரே வண்டியில் நேற்று இருபது நிமிடம், இன்று ஐந்து நிமிடம் என்றால் மட்டும் கவலைப்படலாம்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்க்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே ஷார்ட் சைக்கிளிங் என்பது இரண்டு வேறு விஷயங்களுக்குப் பெயராகப் புழங்குகிறது. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது எப்போதாவது ஒருமுறை பம்பு ஓடினால் தண்ணீர் எங்கோ போகிறது, அது கோளாறு. குழாயைச் சிறிதாகத் திறந்து வைத்திருக்கும்போது பம்பு டக் டக் டக்கென்று விட்டு விட்டு ஓடினால் அது கோளாறே இல்லை: ஒரே வேகத்தில் ஓடுகிற பம்பு தரும் தண்ணீர் அதிகம், போவது குறைவு, அதனால் அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். முன்னதற்கு மருந்து கசிவைத் தேடுவது, பின்னதற்குக் காற்றுக்கலன் ஒன்று போடுவது அல்லது ஸ்விட்சைச் சற்றுத் திருகிச் சரிசெய்வது. ஒரே பெயர் வைத்தால் வாசகர் இல்லாத கசிவைத் தேடிப் பலகைகளைப் பெயர்ப்பார். ஆகவே மூடியிருக்கும்போது வருவது விக்கல், திறந்திருக்கும்போது வருவது திக்கல். இரண்டும் எதுகையாகவும் அமைந்துவிட்டது, நான் திட்டமிட்டதில்லை.

(இந்த மடலில் குழாய் என்றால் நாம் திறந்து மூடுவது, பைப் என்றால் தண்ணீர் ஓடுவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது தனித் தலைவலி, அதற்கு வேறு இழை தொடங்குங்கள்.)

சரி, அடுத்தது.

> லீக் எல்லாமே கசிவுதான். இதைப் பிரித்துப் பிரித்துப் பெயர் வைப்பது வீண் வேலை.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்புறம் என் வண்டி விக்க ஆரம்பித்தது. கசிவு என்றால் ஈரம் இருக்க வேண்டும் என்ற நினைப்பில் ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ தாளைச் சுற்றி வைத்துவிட்டு மறுநாள் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஹீட்டரின் பின்பக்கம், கழிப்பறை வால்வு, வெளிக்குளியல் (வண்டிக்கு வெளியே நின்று குளிக்கும் ஷவர்) பெட்டி, தரைக்குக் கீழே தொங்கும் வடிகால் பைப்புகள், எல்லாம் உலர்ந்து கிடந்தன. அடிப்புறத்துப் பிளாஸ்டிக் உறையையும் அழுத்திப் பார்த்தேன், சில வண்டிகளில் தண்ணீர் அதற்குள் தேங்கி வயிறு மாதிரி உப்பியிருக்கும், அதுவும் இல்லை. இரண்டு சனி ஞாயிறு இப்படிப் போனது. கடைசியில் பம்பைத் திறந்தால் அதன் ஒருவழி வால்வில் நகக்கண் அளவு வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள். தொட்டிக்குத் துளை போட்டபோது உள்ளே விழுந்த சீவல், எப்படியோ வடிகட்டியைத் தாண்டி வந்து வால்வு முழுக்க மூடாமல் இடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. பம்பு அழுத்தி அனுப்பிய தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத் தொட்டிக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் வெளியே வரவில்லை, நான் வண்டி முழுக்க ஈரம் தேடிக்கொண்டிருந்தேன்.

இதையும் கசிவு என்றே கையேட்டில் எழுதினால் எனக்கு நடந்ததுதான் எல்லாருக்கும் நடக்கும். கசிதல் என்றாலே மேற்பரப்பில் ஈரம் தெரிவது, பாறை கசிகிறது, புண் கசிகிறது, கண் கசிகிறது. வந்த வழியே திரும்பிப் போகிற தண்ணீரை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பின்னொழுக்கு என்கிறேன்.

> உட்கசிவு என்று வைத்தால் எளிதாகப் புரியுமே?

இதை ரொம்ப யோசித்தேன், முதலில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. சிக்கல் இதுதான்: ஒருவழி வால்வு பம்பில் மட்டும் இல்லை, வெளி இணைப்பை (வண்டி நிற்கும் இடத்துக் குழாயிலிருந்து ஹோஸ் வழியாக நேரே தண்ணீர் எடுப்பது) மாட்டுகிற வாயிலும் ஒன்று இருக்கிறது. அது பழுதானால், வெளி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பம்பில் ஓட்டும்போது தண்ணீர் அந்த வாய் வழியாக வண்டிக்கு வெளியே சொட்டும். இரண்டும் ஒரே நோய், ஒன்று உள்ளே போகிறது, இன்னொன்று வெளியே வருகிறது. உட்கசிவு என்றால் இரண்டாவதற்கு என்ன பெயர் வைப்பீர்கள், வெளி உட்கசிவா? தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை விட்டுவிட்டு எந்தத் திசையில் போகிறது என்பதைப் பெயராக வைத்தால் இரண்டும் ஒன்றில் அடங்கும்.

இதே அச்சில் இன்னொன்றும் வார்க்கலாம். வெளிக்குளியலில் சுடுநீர், குளிர்நீர் இரண்டு குழாயையும் திறந்து வைத்துவிட்டுக் கைப்பிடியில் உள்ள பொத்தானை மட்டும் மூடிவிட்டுப் போவோம், அப்போது அந்த இடத்தில் இரண்டு பக்கமும் கலந்து உள்ளே எந்தக் குழாயைத் திறந்தாலும் வெதுவெதுப்பாக வரும். ஹீட்டரைச் சுற்றித் தண்ணீரை விடும் மாற்றுவழி வால்வு சரியாக மூடாவிட்டாலும் இதே கதை. இதற்குப் பெயர் குறுக்கொழுக்கு. போதும், இதற்கு மேல் நீட்டவில்லை.

ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சொட்டுவதைக் கசிவுப் பட்டியலில் சேர்த்தவருக்கு: அந்த வால்வு 150 பிஎஸ்ஐ அல்லது 210 டிகிரி ஃபாரன்ஹீட்டில் திறக்கவே செய்யப்பட்டது. சூடேறும்போது தண்ணீர் விரிகிறது, ஹீட்டர் தொட்டியின் மேலே இருக்கவேண்டிய காற்று போய்விட்டால் விரிவதற்கு இடமில்லாமல் கொஞ்சம் சொட்டும். காற்றை மீட்டுவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். சூடு ஆறியிருக்கும்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால் அது கசிவு, ஒப்புக்கொள்கிறேன்.

---

மீண்டும் நானே. நேற்று வந்த மறுமொழிகளுக்கு.

> திக்கல் வேண்டாம். பேசும்போது திக்குகிறவர்களுக்கு இது எப்படிப் படும் என்று நினைத்தீர்களா?

நினைக்கவில்லை. எதுகையில் மயங்கிவிட்டேன். எடுத்துவிடலாம், துடிப்பு என்று வைப்போம். குழாய் சிறிதாகத் திறந்திருக்கும்போது பைப்பில் கை வைத்தால் நாடி மாதிரியே துடிக்கும், ஆகவே பொருளும் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. விக்கலும் திக்கலும் அச்சில் மாறிப்போகும் என்று இன்னொருவர் சொன்னதும் நியாயம்.

> விக்கல் மருத்துவச் சொல், இயந்திரத்துக்கு ஒட்டாது.

இதை ஏற்க மாட்டேன். ஊசிக்குக் காது, ஆற்றுக்குக் கால், பானைக்கு வாய் என்று வைத்த மொழியில் பம்புக்கு விக்கல் ஒட்டாதா? மனிதருக்குத் தண்ணீர் குடித்தால் விக்கல் நிற்கும், பம்புக்குத் தண்ணீர் போனால் விக்கல் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

> வெளி இணைப்பில் ஓட்டும்போது விக்கல் வரவில்லை, அப்படியானால் கசிவு இல்லை என்று கொள்ளலாமா?

கூடாது, கூடவே கூடாது. வெளி இணைப்பில் பம்பு ஓடுவதே இல்லை, விக்க ஆள் இல்லை. கசிவு இருந்தால் அது பாட்டுக்கு ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கும், தொட்டி தீர்ந்து நிற்கிற கதையும் இல்லை. அங்கே அழுத்தம் கட்டுப்பாடின்றி ஏறவும் கூடும் என்பதால்தான் 40, 50 பிஎஸ்ஐக்குக் குறைக்கும் கருவியை வாயில் மாட்டச் சொல்கிறார்கள். ஆனால் வெளி இணைப்பால் ஒரு நல்ல சோதனை செய்யலாம், கையேட்டில் இதை முதலில் போடுங்கள். நன்னீர்த் தொட்டியைக் காலி செய்து அதன் வடிகாலைத் திறந்தே வையுங்கள், பம்பை அணைத்துவிட்டு வெளி இணைப்பைக் கொடுங்கள். தொட்டியின் வடிகாலில் தண்ணீர் வந்தால் பம்பின் வழியாகப் பின்னொழுக்கு. வெளி இணைப்பிலிருந்து நேரே தொட்டியை நிரப்பும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். இரண்டில் எது என்று தெரிய, பம்பின் வெளிவாயில் உள்ள பைப்பைக் கழற்றி அங்கே மூடி போட்டுப் பம்பை ஓட்டுங்கள். பைப்பே இல்லாமல் தனியாக இருந்தும் விக்கினால் பம்புதான். விக்காவிட்டால் பம்பை மன்னித்துவிட்டு டிஷ்யூ தாளை எடுங்கள்.

டிஷ்யூவை எங்கே முதலில் சுற்றுவது என்று கேட்டவருக்கு, குளிர்காலத்தில் வண்டி உறைபனியில் நின்றிருந்தால் வெளிக்குளியல், கழிப்பறை வால்வு, பம்பு வடிகட்டியின் கிண்ணம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும், இந்த மூன்றிலும்தான் கொஞ்சம் தண்ணீர் வடியாமல் நின்றுவிடும். உறைபனி படாத வண்டி என்றால் கையால் திருகும் பிளாஸ்டிக் மரைகள், ஓட்டத்தில் குலுங்கிக் குலுங்கித் தளர்ந்திருக்கும். கையால் மட்டும் இறுக்குங்கள், ஸ்பேனர் போட்டால் மரை விரிசல் விட்டு நிஜமாகவே கசிய ஆரம்பிக்கும். பைப் சாம்பல் நிறத்தில் இருந்து வண்டி 1995க்கு முந்தையது என்றால் அது பாலிபியூட்டிலீன் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருக்கலாம், அதற்கு ஒட்டுப்போடுவதை விட மாற்றிவிடுவதே நல்லது.

சொற்பட்டியலில் விக்கல், துடிப்பு, பின்னொழுக்கு, குறுக்கொழுக்கு நான்கையும் இன்றிரவு ஏற்றிவிடுகிறேன். குறுஞ்சுழற்சியை அழிக்கவில்லை, "காண்க: விக்கல், துடிப்பு" என்று போட்டு வைக்கிறேன். இருபது நிமிட விக்கல் என்று எழுதியவர் அந்த வடிகால் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, தண்ணீர் வந்ததா இல்லையா என்று இதே இழையில் ஒரு வரி போடுங்கள்.