போலந்து வீழ்ந்த பிறகும் பிளிஸ்காவிட்சா எப்படி ஆறு வருஷம் போரிட்டது?

முதுநகர்_மணி (கடலூர்):

என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். போலந்தின் க்டினியா துறைமுகத்தில் அவன் கப்பல் நின்றபோது, அங்கே அருங்காட்சியகமாக நிறுத்தி வைத்திருக்கும் பிளிஸ்காவிட்சா என்ற பழைய நாசகாரிக் கப்பலைப் படம் எடுத்து அனுப்பினான். இரண்டாம் உலகப் போர் முழுக்கச் சண்டை போட்ட கப்பலாம். எனக்கு இங்கேதான் புரியவில்லை. 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது, அக்டோபர் முதல் வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் படித்திருக்கிறேன். நாடே இல்லாதபோது அதன் கப்பல் 1945 வரை யார் கொடியில் ஓடியது? பிரிட்டிஷ்காரர்கள் எடுத்துக்கொண்டார்களா? அப்புறம் இன்னொன்று, என் மகள் அட்டையில் இதன் மாதிரி செய்ய ஆசைப்படுகிறாள், எந்த வருஷத்துத் தோற்றத்தைச் செய்வது என்றும் யாராவது சொன்னால் நல்லது.

தேங்காய்த்திட்டு_குமரன் (புதுச்சேரி):

அண்ணே, போலந்துக் கொடியில்தான் ஓடியது, கடைசி வரைக்கும்.

போர் தொடங்கியபோது அந்தக் கப்பல் போலந்திலேயே இல்லை என்பதுதான் விஷயம். போலந்திடம் அப்போது இருந்தவை நான்கே நாசகாரிகள். பால்டிக் கடலில் ஜெர்மன் கடற்படைக்கும் விமானங்களுக்கும் முன்னால் அவை தாக்குப்பிடிக்காது என்று தெரிந்ததால், ஆகஸ்ட் 30 அன்றே குரோம், புர்சா, பிளிஸ்காவிட்சா மூன்றையும் பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பீக்கிங் திட்டம் என்று அதற்குப் பெயர். வழியில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் எதிரே வந்தன, ஆனால் போர் இன்னும் தொடங்காததால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். செப்டம்பர் 1 அன்று நடுக்கடலில் இருக்கும்போதுதான் தங்கள் ஊர் தாக்கப்பட்ட செய்தி வானொலியில் வந்தது. அன்று மாலையே ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தை அடைந்தார்கள். பின்னால் தங்கிய நான்காவது கப்பல் விகர் செப்டம்பர் 3 அன்று ஹெல் துறைமுகத்தில் விமானக் குண்டில் மூழ்கியது. குடும்பத்தை விட்டுவிட்டு வந்த மாலுமிகளுக்கு அந்த வாரம் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது.

நாடு பிடிபட்டாலும் அரசு சரணடையவில்லை. அது முதலில் பிரான்ஸிலும் 1940 ஜூனுக்குப் பிறகு லண்டனிலும் இயங்கியது. 1939 நவம்பரில் பிரிட்டனோடு கடற்படை ஒப்பந்தம் போட்டார்கள். எங்கே போய்ச் சண்டை போடுவது என்பதை பிரிட்டிஷ் கடற்படை முடிவு செய்யும். கொடி, கேப்டன், மாலுமிகள் எல்லாம் போலந்து. எங்கள் புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள், 1940ல் பாரீஸ் ஜெர்மனி கையில் இருந்தது, ஆனால் இங்கே ஆளுநர் போன்வன் அந்த செப்டம்பரிலேயே லண்டனில் இருந்த சுதந்திர பிரான்ஸ் தலைவர் தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டார். மண் ஒரு பக்கம், அரசு இன்னொரு பக்கம் என்பது அந்தப் போரில் பல நாடுகளுக்கு நடந்தது.

உப்பளம்_செல்வி:

குமரன் சொன்னதோடு கௌஸ் கதையைச் சேர்க்காவிட்டால் பாதிதான்.

பிளிஸ்காவிட்சா இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில் இருக்கும் கௌஸ் ஊரில், ஜே. சாமுவேல் வைட் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தது. 1936ல் நீரில் இறக்கினார்கள், 1937 நவம்பரில் படையில் சேர்ந்தது. 39 நாட் வேகம் (மணிக்கு சுமார் 72 கி.மீ.), அந்தக் காலத்தின் மிக வேகமான நாசகாரிகளில் ஒன்று. 1942ல் பழுது பார்க்க அதே கௌஸுக்குத் திரும்பி வந்திருந்தது. மே 4 இரவு சுமார் 160 ஜெர்மன் விமானங்கள் ஊரையும் தளத்தையும் குறிவைத்து வந்தன. வேலைக்கு வந்த கப்பல் வெடிமருந்தை இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது வழக்கம், ஆனால் கேப்டன் வொய்சியெக் ஃபிரான்ஸ்கி பீரங்கிகளைத் தயாராகவே வைத்திருந்தார். விடியும்வரை சுட்டார்கள். குழல்கள் சூடேறி, தண்ணீர் ஊற்றி ஊற்றித் திரும்பச் சுட வேண்டியிருந்தது. குண்டு தீர்ந்துபோக, போர்ட்ஸ்மவுத்திலிருந்து படகில் வரவழைத்தார்கள். புகைத் திரையும் போட்டு ஊரை மறைத்தார்கள். அப்படியும் ஊர்க்காரர்கள் சுமார் 70 பேர் இறந்தார்கள், கப்பல் அங்கே இல்லையென்றால் எத்தனை பேரோ. சொந்த ஊரைக் காப்பாற்ற முடியாத மாலுமிகள், முன்பின் தெரியாத ஊர்ச் சனங்களுக்காக இரவெல்லாம் நின்றிருக்கிறார்கள். அந்த ஊரில் இன்றைக்கும் ஃபிரான்ஸ்கி பெயரில் ஓர் இடம் இருக்கிறது.

இன்னொன்று கவனியுங்கள். அதற்குச் சரியாக இரண்டு வருஷம் முன்னால், 1940 மே 4 அன்றுதான் இதன் சகோதரிக் கப்பல் குரோம் நார்வேயின் நார்விக் அருகே விமானக் குண்டில் மூழ்கி 59 பேர் இறந்தார்கள். பிளிஸ்காவிட்சாவும் அந்த நார்வே சண்டையில் இருந்தது. பீரங்கிக்காரர்களில் பலருக்கு அந்தத் தேதி மறந்திருக்காது.

மகள் மாதிரி செய்வதென்றால் முதலில் பீரங்கியைப் பாருங்கள். கட்டும்போது ஏழு 120 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கிகள். அட்லாண்டிக் அலைக்குக் கப்பலின் மேல்பாரம் அதிகம், போஃபர்ஸ் குண்டும் பிரிட்டனில் எளிதில் கிடைக்காது, விமானத்தைச் சுடவும் தோதில்லை. அதனால் கௌஸில் அவற்றைக் கழற்றிவிட்டு எட்டு 102 மி.மீ. பீரங்கிகளை, நான்கு இரட்டைகளாகப் பொருத்தினார்கள். கௌஸ் இரவின் தோற்றம் வேண்டுமென்றால் இந்த எட்டுதான். என் ஓட்டு இதற்குத்தான்.

பழைய_மாலுமி (கடலூர் துறைமுகம்):

எல்லாம் சரிதான், ஆனால் புகழ்ச்சி மட்டும் எழுதினால் சரித்திரம் ஆகாது. நார்மண்டி படையிறக்கம் தொடங்கிய மூன்றாவது இரவு, 1944 ஜூன் 8-9, பிரான்ஸின் உஷாண்ட் தீவுக்கு அருகே பிரிட்டிஷ் கடற்படையின் பத்தாவது நாசகாரிப் பிரிவு ஜெர்மன் நாசகாரிகளை எதிர்கொண்டது. எட்டுக் கப்பல்கள், இரண்டு அணி. இரண்டாவது அணிக்கு பிளிஸ்காவிட்சா தலைமை, கூடவே போலந்தின் பியோருனும் இருந்தது. அந்த அணி திரும்பியபோது எதிரியைத் தவறவிட்டது. பெரும்பாலான சண்டையைப் போட்டது மற்ற அணிதான். ஒரு ஜெர்மன் நாசகாரி மூழ்கியது, இன்னொன்று கரையில் ஏறி அழிந்தது. இருட்டில், டார்பிடோ (நீருக்குள் பாயும் குண்டு) வரும் கடலில், யாராக இருந்தாலும் அப்படித் திரும்பியிருக்கலாம் என்பேன், ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கடலில் இருந்தவனாகச் சொல்கிறேன், இந்தச் சண்டைகளைவிட அந்தக் கப்பலின் பெரிய வேலை கான்வாய் காவல், அதாவது கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களுக்குத் துணை போவது. 83 கான்வாய்களுக்குத் துணை போயிருக்கிறது, மொத்தம் 1,46,000 கடல் மைல். குளிரில், தூக்கமில்லாமல், சரக்குக் கப்பலின் வேகத்துக்கு இறங்கி, வாரக்கணக்கில் ஓடுவது. 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்கப் படையிறக்கத்தின்போது அல்ஜீரியாவின் பூஜி துறைமுகத்தில் விமானங்களிடம் அடியும் வாங்கியது. இதையெல்லாம் யாரும் மாதிரி செய்து காட்ட முடியாது.

முதுநகர்_மணி (கடலூர்):

மூவருக்கும் நன்றி. 1942 தோற்றமே செய்யட்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். போர் முடிந்ததும் மாலுமிகள் ஊருக்குத் திரும்பினார்களா?

தேங்காய்த்திட்டு_குமரன் (புதுச்சேரி):

பலர் திரும்பவில்லை, அண்ணே. 1945 ஜூலையில் பிரிட்டன் லண்டனில் இருந்த போலந்து அரசை விட்டுவிட்டு, சோவியத் ஆதரவு பெற்ற வார்சா அரசை அங்கீகரித்தது. ஆறு வருஷம் கூட நின்று போரிட்டவர்களுக்கு அது சரியான நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. போர் முடிந்து அந்தக் கப்பல் கடைசியாகச் செய்த வேலைகளில் ஒன்று, சரணடைந்த ஜெர்மன் நீர்மூழ்கிகளை அட்லாண்டிக்கில் மூழ்கடிக்கும் பணிக்கு உதவியது. 1947ல் கப்பல் க்டினியாவுக்குப் போனது, 1976 முதல் அருங்காட்சியகம். பக்கத்தில் தார் போமோர்சா என்ற பழைய பாய்மரக் கப்பலும் நிற்கும், தம்பி மறுபடி அந்தப் பக்கம் போனால் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.