இரண்டு வயதுப் பந்தயக் குதிரைக்கு நெஞ்சு (இதயமும் நுரையீரலும்) பயிற்சிக்குப் பழகும் விதம்: நீங்கள் பார்த்தது என்ன?

கிண்டியில் ஒரு லாயத்தில் சில வருடங்கள் குதிரைக்காரனாக இருந்தேன். பூனா பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த இரண்டு வயதுக் குட்டி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. முதல் வாரங்களில் நடையும் டிராட்டும் (துள்ளுநடை)தான், கேன்டர் (மிதமான பாய்ச்சல்) அப்புறம். முதல் கேன்டர் முடிந்து வந்தபோது விலா இரண்டும் துருத்தி மாதிரி அடித்துக்கொண்டன. தாடை எலும்புக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயில் விரலை வைத்து, 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவோம். வேலை முடிந்து பத்து நிமிடம் ஆகியும் துடிப்பு 80-க்குக் கீழே இறங்கவில்லை. ஆறாவது வாரம் அதே தூரம், அதே வேகம்: அதே பத்து நிமிடத்தில் 60-க்கும் கீழே. பயிற்சியில் ஏறி ஓட்டும் ரைடிங் பாய்கூட அசந்துவிட்டான்.

ஒருநாள் விடியற்காலையில் அதன் துடிப்பு ஒன்று விட்டுப்போனது. நாலைந்து துடிப்பு சரியாக வரும், பிறகு ஒரு வெற்றிடம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கால்நடை டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “கொஞ்சம் டிராட் விடுப்பா” என்றார். விட்டதும் சீராகிவிட்டது. ஓய்வில் நரம்பு இதயத்தை அடக்கி வைக்கிறது, அதனால் ஒரு துடிப்பு இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்காமல் நின்றுவிடுகிறது, நல்ல குதிரைகளிலும் சகஜம் என்றார். ஓடியபிறகும் விட்டுப்போனால்தான் பார்க்க வேண்டுமாம்.

*

நான் கால்நடை மருத்துவர். மேலே அந்த டாக்டர் சொன்னது சரிதான். ஒன்று சேர்க்கிறேன். குதிரையின் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 220 முதல் 240 வரை. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அந்த எண் ஏறாது. ஏறுவது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு. இரண்டு வயதுக் குதிரைகளைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எக்கோவில் (இதய ஸ்கேன்) பார்த்தால் இடது கீழறையின் தசை கூடியிருப்பது தெரியும். ஃபார் லாப் என்ற பழைய ரேஸ் குதிரையின் இதயம் 6.2 கிலோ. இன்றும் கான்பெராவில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாதாரணமாக நாலு, நாலரை கிலோதான்.

நுரையீரல் அப்படி இல்லை. பயிற்சியால் அது வளர்வதே இல்லை எனலாம். அதிலும் குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு மட்டும்தான். நாலுகால் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு. மண்ணீரலில் சேர்த்துவைத்த சிவப்பணுக்களும் ஓட்டத்தில் ரத்தத்தில் வந்து கலக்கும். அதனால் இதயம் பலமாகத் தள்ளும் ரத்தத்தை நுரையீரலின் மெல்லிய நாளங்கள் தாங்காமல் கசியும். மூக்கில் ரத்தம் தெரிவது அபூர்வம். ஓட்டம் முடிந்து மூச்சுக்குழாய்க்குள் குழாய்க்கேமரா விட்டுப் பார்த்தால்தான் எத்தனை குதிரைக்கு உள்ளே கசிந்திருக்கிறது என்று புரியும்.

*

எங்கள் லாயத்தில் புதுக் குட்டிகள் முதல் மாதமே இருமும். ஜுரமும் இருக்காது, தீனியும் குறையாது. காய்ந்த புல்லின் தூசிதான் காரணம். புல்லை நனைத்துப் போட்டோம், பெருக்கும்போது குதிரையை வெளியே கட்டினோம். பாதிக்கு மேல் நின்றுவிட்டது.

*

கோடைப் பந்தயத்துக்கு ஊட்டிக்குக் கொண்டுபோன குட்டிகள் முதல் நாட்களில் சின்ன வேலைக்கே மூச்சு வாங்கின. 2,200 மீட்டர் உயரம் அல்லவா!

*

முதலில் எழுதியவன்தான். அந்தக் குட்டியின் கதை முடியவில்லை. மூச்சு சீக்கிரம் திரும்புகிறதே என்று டிரெய்னர் வேகத்தைக் கூட்டினார். நானும் துடிப்புக் கணக்கைக் காட்டிப் பெருமைப்பட்டவன்தான். வேகம் கூட்டிய மூன்றாவது வாரம் முன்னங்கால் முழங்காலுக்குக் கீழ் எலும்பு வீங்கிச் சூடாக இருந்தது, தொட்டாலே காலை இழுத்துக்கொண்டது. நெஞ்சு சில வாரங்களில் தயாராகிவிடும், எலும்பு கெட்டியாக மாதக்கணக்கு ஆகும் என்று அதே டாக்டர் அப்போதுதான் சொன்னார். மூன்று மாதம் சும்மா நின்றது. தினமும் விடியலில் தாடைக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். விட்டுப்போகும் அந்த ஒரு துடிப்பு அப்போதும் விட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது.