பெரும் பனிப்பாறை எங்கே போகிறது என்று தெரிகிறது. எப்போது உடையும் என்று ஏன் தெரிவதில்லை?

வெள்ளவத்தை ஆசிரியை

வணக்கம். கொழும்பில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கிறேன். ஏ23ஏ என்ற பனிப்பாறையைப் பற்றி மாணவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பாடநூலில் விடை கிடைக்கவில்லை. 1986 இல் அந்தாட்டிக்காவில் நிலத்தோடு ஒட்டியபடி கடலில் மிதக்கும் பில்க்னர் பனித்தட்டிலிருந்து பிரிந்த அந்தப் பாறை, வெடல் கடலில் தரைதட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்து, 2020 அளவில் மெல்ல நகரத் தொடங்கி, 2023 இறுதியில் அந்தாட்டிக் குடாநாட்டின் வட முனையைக் கடந்து போனதாக வாசித்தோம். இத்தனை காலமும் அது அதே பாறைதான் என்று எவ்வாறு உறுதிப்படுத்துகிறார்கள்? செய்மதிகள் இவ்வளவு நெருக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தும், இத்தகைய பாறை எந்த நாளில் உடையும் என்று ஏன் எவராலும் சொல்ல முடிவதில்லை? அது முழுவதும் உருகினால் காலிமுகத்திடலில் கடல் மட்டம் உயருமா என்று ஒரு மாணவி கேட்டார். அவருக்குச் சரியான விடையைக் கொடுக்க விரும்புகிறேன்.

தொலையுணர்வு

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அடையாளம் குறித்த முதற் கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

பெயரிடும் பொறுப்பு அமெரிக்க தேசியப் பனி நிலையத்திடம் உள்ளது. அந்தாட்டிக்காவைச் சுற்றி நான்கு கால்வட்டங்களாகப் பிரித்து, பாறை முதலில் காணப்பட்ட கால்வட்டத்தின் எழுத்தையும் அதன் வரிசை எண்ணையும் சேர்த்துப் பெயர் வைக்கிறார்கள். ‘ஏ’ என்பது வெடல் கடலை உள்ளடக்கிய பகுதி. நீளப் பக்கம் குறைந்தது 10 கடல்மைல் இருக்க வேண்டும், அல்லது பரப்பு 20 சதுர கடல்மைல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவற்றுக்குப் பெயர் இல்லை. உடைந்த துண்டும் அந்த அளவை எட்டினால் தாய்ப்பாறையின் பெயரோடு இன்னோர் எழுத்தைப் பெறுகிறது. ஆகவே ஏ23ஏ என்பது ஏ23 இன் ஒரு துண்டு. பெயரே அதன் வம்சாவளியைச் சொல்லிவிடுகிறது.

ஒளிப்படம் எடுக்கும் செய்மதிகளை மட்டும் நம்பியிருந்தால் இந்தத் தொடர்ச்சி அறுந்திருக்கும். அங்கே குளிர்காலம் முழுவதும் இருட்டு, மற்றக் காலங்களில் பெரும்பாலும் முகில். ஐரோப்பாவின் சென்டினல்-1 போன்ற செய்மதிகள் தாமே ராடார் அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்வதால் இருளும் முகிலும் அவற்றுக்குத் தடையல்ல. அமைதியான கடல் அலையை அப்பால் தெறிக்கவிட்டுக் கறுப்பாகத் தெரியும். பாறை வெண்மையாகத் தெரியும். ஆனால் கோடையில் பாறையின் மேற்பரப்பு நனைந்துவிட்டால் அதுவும் கறுத்துப்போகும். அத்தகைய படத்தில் விளிம்பைக் கோடிட்டுப் பிரிப்பது, பழகிய கண்ணுக்கும் கடினமான வேலை. அதனால்தான் முன்னைய படத்தின் வளைவுகளையும் மூலைகளையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்க்கிறார்கள். அடையாளம் தப்பாமல் இருப்பது இந்தப் பொறுமையான ஒப்பீட்டினால்தான்.

கடலோடி, கொட்டாஞ்சேனை

வணக்கம் ரீச்சர். சரக்குக் கப்பல்களில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பெயர் வைக்கப்பட்ட பாறை எங்களுக்கு அவ்வளவு அச்சமூட்டுவதில்லை, ஏனெனில் அது எங்கே நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது உடைந்து சிதறும்போது வரும் வீட்டளவு, லொறியளவுத் துண்டுகள்தான் ஆபத்தானவை. அவை நீர்மட்டத்துக்கு மேலே மிகச் சிறிதளவே தெரியும். கடல் கொந்தளிக்கும்போது கப்பல் ராடாரில் அலையோடு அலையாக மறைந்துவிடும். 1912 இல் டைட்டானிக் மூழ்கிய பின்னர் 1914 இல் தொடங்கிய சர்வதேசப் பனி ரோந்து வட அத்திலாந்திக்கைக் கவனிக்கிறது. தென் சமுத்திரத்தில் அத்தகைய ரோந்து இல்லை. செய்மதித் தகவலையும் மாலுமியின் கண்ணையும் நம்பியே போகவேண்டும்.

பௌதிகம்

உடையும் நாளைப் பற்றிய கேள்வியே இங்கு மிக முக்கியமானது என்று கருதுகிறேன்.

பெரும் பாறையின் நகர்வை முதன்மையாகத் தீர்மானிப்பது நீரோட்டம். பாறையின் பெரும்பகுதி நீருக்குள் இருப்பதால் காற்றைவிட ஓட்டத்துக்கே அது கட்டுப்படுகிறது. கடலடித் தரையும் குறுக்கிடுகிறது. 2024 இல் ஏ23ஏ தென் ஓர்க்னித் தீவுகளுக்கு அருகே ஒரு கடலடி மேட்டின் மீதான நீர்ச்சுழலில் அகப்பட்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே சுழன்றது. டிசெம்பரில் விடுபட்டு, 2025 மார்ச்சில் தென் அத்திலாந்திக்கிலுள்ள தென் ஜோர்ஜியாத் தீவுக்கு அருகே மீண்டும் தரைதட்டியது. இத்தகைய தடங்கல்களைப் பின்னர் விளக்குவது எளிது. முன்கூட்டிச் சொல்வதற்கு, பாறையின் அடிப்பாகம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் கடலடியின் மேடுபள்ளமும் நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

உடைவு அதைவிடச் சிக்கலானது. நீர்மட்டத்தில் மோதும் அலையும் சற்று வெப்பமான நீரும் பாறையின் ஓரத்தைக் குடைகின்றன. குடையப்பட்ட இடத்துக்கு மேலே துருத்தி நிற்கும் பனி இடிந்து விழுந்துவிட, நீருக்குள் ஒரு திண்ணை மிஞ்சுகிறது. மேலே சுமை நீங்கிய அந்தத் திண்ணையை மிதப்புவிசை தொடர்ந்து மேல்நோக்கித் தள்ளுவதால் பாறையின் விளிம்பு வளைகிறது. வளைவு தாங்காத இடத்தில் அடியிலிருந்து வெடிப்பு ஏறி, ஒரு பெரும் துண்டு கழன்றுபோகிறது. பிறகு மீண்டும் குடைவு, மீண்டும் திண்ணை. இதற்கு மேலாக, மேற்பரப்பில் தேங்கும் உருகுநீர் வெடிப்புகளுக்குள் இறங்கித் தன் பாரத்தால் அவற்றைப் பிளப்பதும் உண்டு. 2017 யூலையில் லார்சன் ‘சி’ பனித்தட்டிலிருந்து பிரிந்த ஏ68ஏ, 2020 டிசெம்பரில் தென் ஜோர்ஜியாவுக்கு அருகே உடைந்தபோது வேறொரு காரணமும் ஆராயப்பட்டது: அதன் ஒரு பகுதி வேகமான நீரோட்டத்திலும் மற்றப் பகுதி மெதுவான நீரிலும் இருந்ததால், இழுபட்டு முறிந்தது.

ஆக, காரணங்கள் தெரியும். தெரியாதது, அந்தப் பாறைக்குள் எந்த வெடிப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது. செய்மதி மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. நாளைக் குறித்துச் சொல்லும் செய்தித் தலைப்புகளை மாணவர்கள் நம்ப வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம்.

வெள்ளவத்தை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீருக்குள் இருக்கும் அந்தத் திண்ணையை நாளையே கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். மாணவியின் கடல் மட்டக் கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது.

பௌதிகம்

மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே இடம்பெயர்த்துவிட்டது. ஆகவே ஏ23ஏ உருகுவதால் காலிமுகத்திடலில் எவரும் கண்டறியக்கூடிய மாற்றம் ஏற்படாது. பனி நன்னீராகவும் கடல் உவர்நீராகவும் இருப்பதால் வரும் வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் மாணவியின் கவலைக்கு வேறிடத்தில் நியாயம் உண்டு. பனித்தட்டுகள் நிலத்திலுள்ள பனியாறுகளுக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன. 2002 இல் லார்சன் ‘பி’ சில வாரங்களில் சிதறியபின், அதற்குப் பின்னாலிருந்த பனியாறுகள் விரைந்து கடலுக்குள் இறங்கின. நிலத்திலிருந்து இறங்கும் அந்தப் பனிதான் கடல் மட்டத்தை உயர்த்துகிறது.

பாறை உருகும்போது அயலிலுள்ள கடலுக்கு நேர்வதையும் சொல்லிக்கொடுங்கள். ஏ68ஏ தென் ஜோர்ஜியாவுக்கு அருகே மூன்று மாதங்களில் ஏறத்தாழ 152 பில்லியன் தொன் நன்னீரைக் கடலில் கலந்தது என்று, செய்மதிகளைக் கொண்டு அதன் பரப்பையும் தடிப்பையும் அளந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

தொலையுணர்வு

வகுப்புக்கு ஒரு பயிற்சி: நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தை எவரும் இலவசமாகத் திறக்கலாம். தென் ஜோர்ஜியாவைத் தேடி, 2020 நவம்பரிலிருந்து 2021 பெப்ரவரி வரையிலான படங்களை நாள் நாளாக நகர்த்திப் பாருங்கள். முகில் விலகிய நாட்களில் ஏ68ஏ தெளிவாகத் தெரியும். அதன் வெளிவிளிம்பை மெல்லிய தாளில் வரைந்து, அடுத்த தெளிவான நாளின் படத்தோடு பொருத்தும்படி மாணவர்களிடம் கேளுங்கள். எந்த ஓரம் முதலில் குறைகிறது என்பதை அவர்களே குறித்துக்கொள்ளட்டும்.