'ரிவர்சல்' என்றால் தமிழில் என்ன எழுதுவது?

தம்புசெட்டித் தெரு டைப்பிஸ்ட்:
ஹைகோர்ட் பக்கத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கேட்டால் தமிழாக்கமும் செய்து தருவேன். நேற்று ஒரே பார்ட்டி மூன்று தாள் கொண்டுவந்தார். பேங்க் ஸ்டேட்மெண்டில் 4,500 ரூபாய்க்கு எதிரே 'ரிவர்சல்'. அவருடைய வீட்டு வழக்குத் தீர்ப்பில் 'ஜட்ஜ்மெண்ட் ஆஃப் ரிவர்சல்'. மூன்றாவது, அவர் அம்மாவின் மூச்சுப் பரிசோதனை ரிப்போர்ட். அதில் 'ரிவர்சிபிலிட்டி இல்லை'.

அகராதியில் பார்த்த 'தலைகீழ் மாற்றம்' என்பதை முதல் தாளில் அடித்துவிட்டேன். வாசித்துவிட்டு, "ஏன் சார், என் பணம் தலைகீழாத் தொங்குதா?" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே சொல் இருக்கிறதா?

மாம்பலம் கணக்குப்பிள்ளை:
ஒரே சொல் கிடையாது, தேடாதீர்கள். எங்கள் தொழிலில் ரிவர்சல் என்றால் அழிப்பது இல்லை. வாடகை 18,000 ரூபாயை மின்கட்டணத்தில் ஏற்றிவிட்டால், அதைத் தொடாமல் கீழே எதிர்ப்பதிவு ஒன்று போடுவோம். தப்பும் நிற்கும், திருத்தமும் நிற்கும். ஆடிட்டர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

உங்கள் பார்ட்டிக்கு 'திரும்ப வரவு' போதும். யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்து அவருக்குச் சேராமல் போனால், மறுநாளுக்குள் திரும்பி வரவேண்டும். ஏடிஎம்மில் பணம் வராமல் கழிந்திருந்தால் 5 நாள். அதற்கு மேல் தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. 2019 செப்டம்பர் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையில் இருக்கிறது.

ஆனால் ஜிஎஸ்டி தாள் எதுவும் வந்தால் இதே சொல்லைப் போட்டுவிடாதீர்கள். சரக்கு கொடுத்தவருக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரி வரவை, அதாவது வாங்கும்போது கொடுத்த வரிக்காக எடுத்த கழிவை, ரிவர்ஸ் செய்ய வேண்டும். அங்கே பணம் நம் கையை விட்டுப் போகிறது. பேங்கில் ரிவர்சல் என்றால் சிரிப்போம், ஜிஎஸ்டியில் என்றால் வயிற்றைக் கலக்கும்.

ஓய்வுபெற்ற கோர்ட் சிரஸ்தார் (தலைமை அலுவலர்):
தம்பி, தீர்ப்பில் வெறும் 'ரத்து' என்று அடித்துவிடாதே. ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பினாலும் ரத்துதான், ஜெயித்தவனைத் தோற்கடித்தாலும் ரத்துதான். ரிவர்சல் என்பது இரண்டாவது. முன்சீப் கோர்ட்டில் வாதிக்கு டிக்ரி, அப்பீலில் வழக்கே தள்ளுபடி என்றால் அது ரிவர்சல். 'கீழமை நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, எதிராக அளித்த தீர்ப்பு' என்று எழுது. நீளம்தான், ஆனால் யார் ஜெயித்தார் என்று புரியும். "ஓடமும் ஒரு நாள் வண்டியிலே, வண்டியும் ஒரு நாள் ஓடத்திலே" என்று எங்கள் பெஞ்சில் சொல்லிக்கொள்வோம், அதை அடிக்க முடியாது.

இன்னொன்று. சர்வீஸ் வழக்குகளில் 'ரிவர்ஷன்' வரும். அது பழைய பதவிக்குத் திருப்பி இறக்குவது. வேகமாக வாசித்தால் கண் ஏமாற்றும். நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

நீலாங்கரை கெமிஸ்ட்ரி டீச்சர்:
எங்கள் பாடப்புத்தகத்தில் இது ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. திசை மாறினால் 'எதிர்', பழைய நிலைக்குத் திரும்பினால் 'மீள்'. நடுவில் மெல்லிய சவ்வு இருந்தால், நீர் இயல்பாக அதன் வழியே உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கம் போகும். நெம்மேலி குடிநீர் ஆலையில் கடல்நீரை அழுத்தித் தள்ளி அதை எதிர்த்திசையில் போகவைக்கிறார்கள். அதனால் 'எதிர்ச் சவ்வூடு பரவல்', நம் வீட்டு ஆர்ஓவும் அதேதான். முன்னும் பின்னும் நடக்கக்கூடிய வினைக்கு 'மீள்வினை' என்று பெயர்.

அந்த மூச்சு ரிப்போர்ட்டில் மட்டும் கவனம். 'மீளாது' என்று போட்டால் வியாதியே தீராது என்று அந்த அம்மா பயந்துவிடுவார். முதலில் ஊதச் சொல்வார்கள், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். இரண்டாவது அளவு போதுமான அளவு கூடவில்லை, அவ்வளவுதான் அந்த வரி சொல்வது. மற்றதை டாக்டர் சொல்லட்டும்.

தம்புசெட்டித் தெரு டைப்பிஸ்ட்:
எல்லாருக்கும் நன்றி. முதல் தாளில் 'திரும்ப வரவு' என்று மாற்றி, காசு வாங்காமல் கொடுத்துவிட்டேன். சிரஸ்தார் ஐயா சொன்ன வரி ஒன்றரை வரிக்கு ஓடுகிறது, இருக்கட்டும். மூன்றாவதில் 'மருந்துக்குப் பின் அளவு குறிப்பிடும்படி கூடவில்லை' என்று அடித்தேன். வழக்கில் அவர் ஜெயித்தவரா தோற்றவரா என்று கேட்கிறீர்களா? தோற்றவர்தான். இரண்டாவது அப்பீல் போடத்தான் இத்தனை தாளும்.