‘தேவனுக்கு முன்பே தெரியுமே, அப்புறம் நான் ஏன் படிக்கணும்?’ வகுப்பில் என்ன பதில் சொல்வது?

பிரிக்பீல்ட்ஸ் வேதபாடம் (கேள்வி)

படிவம் 4, 5 பிள்ளைகளுக்கான ஞாயிறு வகுப்பு, 40 நிமிடம். பாடம்: தேவனுடைய சர்வஞானம். சங்கீதம் 139 வாசித்து முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: என் எஸ்.பி.எம். (படிவம் 5 அரசுத் தேர்வு) முடிவு தேவனுக்கு இப்போதே தெரியும். அவர் அறிந்தது மாறாது. அப்படியானால் ராத்திரி முழுக்கப் படித்தாலும் ஒன்றுதான், மாமாக் கடையில் உட்கார்ந்து பந்து பார்த்தாலும் ஒன்றுதான்.

வழக்கமாகச் சொல்லும் இரண்டு பதிலும் நிற்பதில்லை. ‘அது தேவ ரகசியம்’ என்றால் பிள்ளைகள் வாயை மூடுவார்கள், கேள்வி அப்படியே இருக்கும். ‘அவருக்குத் தெரியும், ஆனால் கட்டாயப்படுத்த மாட்டார்’ என்றால், ‘தெரிந்தது தப்பாதென்றால் கட்டாயம்தானே டீச்சர்?’ என்பார்கள்.

வாதம் சரியாக எந்த இடத்தில் உடைகிறது? இயேசுவை மறுதலித்த பேதுரு, காட்டிக்கொடுத்த யூதாஸ் இருவரையும் எப்படிக் கையாள்வது? வகுப்பில் லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கப் பிள்ளைகள் கலந்து இருக்கிறார்கள், யாருடைய சபைப் போதனையையும் தவறாகச் சொல்லிவிடக் கூடாது.

செந்தூல் தருக்கம்

டீச்சர், இரண்டு வாதங்கள் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. முதலில் பிரியுங்கள்.

‘படித்தாலும் ஒன்று, படிக்காவிட்டாலும் ஒன்று’ என்பது கிறிஸ்தவத்துக்கு முந்தியது. கிரேக்கர்கள் இதற்குச் சோம்பேறி வாதம் என்றே பெயர் வைத்தார்கள். நோயாளி பிழைப்பது விதியென்றால் வைத்தியரை அழைத்தாலும் பிழைப்பான், அழைக்காவிட்டாலும் பிழைப்பான், எதற்கு வைத்தியர்? 3ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய கெல்சுஸுக்கு மறுப்பு எழுதும்போது இதே அச்சில் இன்னொன்றை வார்த்துக் காட்டுகிறார்: பிள்ளை பிறப்பது விதியென்றால் பெண்ணோடு சேர்ந்தாலும் பிறக்கும், சேராவிட்டாலும் பிறக்கும்! (வகுப்பில் சொல்வதும் விடுவதும் உங்கள் துணிச்சல்.) கோளாறு என்னவென்றால், முடிவை மட்டும் தெரிந்ததாக வைத்துக்கொண்டு வழியைக் கழற்றிவிடுகிறது. எல்லாம் அறிந்தவர் ‘இவள் ஏ எடுப்பாள்’ என்பதை மட்டும் தனியாக அறிந்திருக்கவில்லை. அவள் தினமும் கணக்குப் போட்டதையும், அதனால் ஏ வந்ததையும் சேர்த்தே அறிந்திருக்கிறார். படிப்பை எடுத்துவிட்டால் அவர் அறிந்திருப்பதும் வேறாக இருக்கும்.

தமிழில் பேசுவதால் நமக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ‘முன்குறித்தார்’ என்றவுடன் காதில் விழுவது தலையெழுத்து. பிரமன் எழுதிய எழுத்தில் முடிவு மட்டும் இருக்கும், நீ எந்தப் பக்கம் ஓடினாலும் அது வந்து பிடிக்கும். பள்ளியில் காதில் விழும் ‘நாசிப்’பும் (விதி என்பதற்கான மலாய்ச் சொல்) கிட்டத்தட்ட அந்தப் பொருளில்தான் புழங்குகிறது. அந்தப் பொருளைப் பிள்ளைகள் மனத்திலிருந்து இறக்காமல் பாடத்தை ஆரம்பிக்காதீர்கள்.

இனி ‘கட்டாயம்’. பலகையில் இரண்டு வரி எழுதுங்கள்:

தேவன் அறிந்திருந்தால் அது நடக்கும் என்பது கட்டாயம்.
தேவன் அறிந்திருந்தால், அது கட்டாயமாக நடக்கும்.

முதல் வரி சரி. பொய்யானதை ‘அறிய’ முடியாது, அவ்வளவுதான் அதன் பொருள். அதிலிருந்து இரண்டாம் வரி பிறக்காது. கே.எல். சென்ட்ரலில் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறீர்கள். நீங்கள் பார்ப்பது உண்மையென்றால் அவர் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். அதற்காக அவரால் எழுந்திருக்கவே முடியாது என்று ஆகிவிடுமா? முதல் வரியில் கட்டாயம் இணைப்பின் மேல் நிற்கிறது, இரண்டாவதில் நைசாக நகர்ந்து செயலின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளைகளையே பென்சிலால் அந்தச் சொல்லை வட்டமிடச் சொல்லுங்கள். சொல் இடம் மாறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும்.

பினாங்குக் கத்தோலிக்கன்

அந்த உட்கார்ந்திருப்பவர் உதாரணம் ரோமத் தத்துவஞானி போயித்தியுஸுடையது. சுமார் 524இல், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபடி எழுதினார். அவருடைய முக்கியமான பதில் அதற்கு அடுத்த படி: கடவுள் ‘முன்பே’ அறிவதில்லை. அவருக்கு முன்பும் பின்பும் இல்லை, காலம் முழுவதும் ஒரே பார்வையில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் இதைப் படமாக்கினார்: பாதையில் நடப்பவன் தனக்குப் பின்னால் வருகிறவர்களைப் பார்ப்பதில்லை, உயரத்தில் நிற்பவன் பாதை முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிறான்.

எங்கள் ஊரில் இதை விளக்கப் பேச்சே வேண்டாம். கொடிமலை 833 மீட்டர். மேலே நின்றால் பினாங்குப் பாலம், 13.5 கிலோமீட்டர், ஒரே கோடாகத் தெரியும். பாலத்தில் காரில் இருப்பவருக்கு முன்னால் போகும் லாரியின் பின்பக்கம் மட்டும்தான். மேலே இருந்து பார்ப்பதால் எந்தக் காரும் தடம் மாறுவதில்லை.

ஆனால் உவமை இரண்டு இடத்தில் ஒழுகும், தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். மலைமேல் நிற்பவன் பார்ப்பது ஒரே நேரத்தில் ஓடும் பல கார்களை. கடவுளுக்கு அந்தப் பாலமே காலம். இரண்டாவது, மேலே நிற்பவன் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறான். கடவுளோ பாலத்தைத் தாங்கி நிற்கிறார். அதனால் ‘கடவுள் வெறும் பார்வையாளர்’ என்று முடித்துவிடாதீர்கள், தோமாவே அப்படிச் சொல்லவில்லை.

எங்கள் போதனைக்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் 600ஆம் எண் போதும்: காலத்தின் எல்லாக் கணங்களும் கடவுளுக்கு உடனிருப்பவை, அவருடைய நிலையான திட்டத்தில் ஒவ்வொருவரும் அருளுக்குச் சுதந்திரமாகத் தரும் பதிலும் அடங்கியிருக்கிறது. 1037ஆம் எண், கடவுள் யாரையும் நரகத்துக்கென்று முன்குறிப்பதில்லை என்கிறது.

கூடவே வரும் கேள்வி: ‘அப்படியானால் ஜெபம் எதற்கு?’ ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருத்தலத்துக்குப் போகும் கூட்டத்தைப் பார்க்கும் பிள்ளை இதைக் கேட்காமல் விடாது. தோமாவின் பதில்: நாம் மன்றாடுவது கடவுள் வகுத்ததை மாற்ற அல்ல, மன்றாட்டின் வழியாகக் கிடைக்கும்படி அவர் வகுத்ததைப் பெற. சோம்பேறி வாதத்துக்குச் சொன்ன பதிலேதான், முழங்காலில் நின்று சொன்னது.

பிரிக்பீல்ட்ஸ் வேதபாடம்

பெஞ்ச் உதாரணம் பிடித்தது. ஆனால் கூர்மையான பிள்ளை இப்படி மடக்கும்: பார்ப்பது இப்போது நடப்பது. தேவன் அறிந்தது நேற்று. நேற்றை யாராலும் மாற்ற முடியாது. அப்படியானால் நேற்றோடு கட்டப்பட்ட நாளையையும் மாற்ற முடியாது. ‘தேவனுக்குக் காலமே இல்லை’ என்று சொல்லித் தப்பலாம் என்றால் பேதுரு இருக்கிறாரே. சேவல் கூவுமுன் மறுதலிப்பாய் என்ற வார்த்தை காலத்துக்குள், மனிதர் காதில் விழுந்துவிட்டது.

செந்தூல் தருக்கம்

அதுதான் உண்மையான வாதம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் இதற்குப் போதமாட்டார். 1965இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் நெல்சன் பைக் இதைக் கூர்தீட்டிக் கொடுத்தார், இன்றும் ஓயவில்லை.

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவஞானி ஓக்காமின் வழி வகுப்புக்கு எளிது. கடந்த காலத்தைப் பற்றிய எல்லா வாக்கியமும் ஒரே சாதி அல்ல.

‘1957 ஆகஸ்ட் 31, மெர்டேக்கா அரங்கத்தில் துங்கு அப்துல் ரகுமான் மலாயாவின் சுதந்திரத்தை அறிவித்தார்.’ முடிந்தது, இறுகிவிட்டது, யாரும் தொட முடியாது.

‘நான் நாளை சாப்பிடப்போகும் ரொட்டி சானாய்க்கு முன்னால் துங்கு சுதந்திரத்தை அறிவித்தார்.’ இதுவும் 1957ஐப் பற்றிய பேச்சுதான். ஆனால் உண்மையா பொய்யா என்பது நாளைக் காலை நான் ரொட்டி கேட்கிறேனா தோசை கேட்கிறேனா என்பதில் தொங்குகிறது. நான் தோசை கேட்டால் துங்குவுக்கு ஒன்றும் ஆகாது, வாக்கியம்தான் பொய்யாகும்.

தேவன் நேற்று அறிந்தது இந்த இரண்டாம் சாதி என்பது ஓக்காமின் கட்சி. ‘நேற்றை மாற்றுகிறாயா?’ என்றால் இல்லை. நாளை வேறு விதமாகத் தெரிந்தெடுத்தால், நேற்று முதலே அவர் வேறு விதமாக அறிந்திருப்பார். எதிர்க்கட்சியையும் சொல்லிவிட வேண்டும்: துங்கு வாக்கியத்தில் நாளை வெறும் ஒட்டு. தேவனுடைய அறிவோ நேற்றே முழுசாக இருந்த ஒன்று, அதை எப்படி ஒட்டு என்பது? என் கணிப்பில் ஓக்காம் முழுதாக ஜெயிக்கவில்லை. ஆனால் ‘நேற்று முடிந்தது, ஆகவே நாளையும் முடிந்தது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதை நிறுத்திவிட்டார்.

பட்டர்வொர்த் போதகர்

பேதுருவுக்கு வருகிறேன். அவருக்கு முன்னறிவிப்பு தெரியும், ‘மறுதலிக்கவே மாட்டேன்’ என்று சத்தமாகச் சொல்லவும் சொன்னார் (மாற்கு 14:31). முற்றத்தில் அவரை மறுதலிக்க வைத்தது எது? ஒரு வேலைக்காரியின் கேள்வியும் உயிர்ப் பயமும். தீர்க்கதரிசனம் அவர் வாயைப் பிடித்து ஆட்டவில்லை. லூக்கா 22:32ஐயும் கூடவே வாசியுங்கள்: விழப்போகிறவனுக்காக இயேசு முன்னமே வேண்டிக்கொண்டார். தலையெழுத்துக்காரனுக்காக யாரும் வேண்டிக்கொள்ள மாட்டார்கள்.

இந்த இடத்தில் மோலினாவின் நடு அறிவு உதவும். ஸ்பானிய இயேசு சபைக் குரு, 1588இல் வெளியிட்டார். தேவனுடைய அறிவை மூன்று அடுக்காக வைக்கிறார்: எவையெல்லாம் நடக்கக்கூடும் என்பது ஒன்று, உண்மையில் எது நடக்கும் என்பது கடைசி, இவை இரண்டுக்கும் நடுவில், இன்ன மனிதன் இன்ன சூழ்நிலையில் சுயமாக எதைத் தெரிந்தெடுப்பான் என்பது. இது மணிக்கணக்கான வரிசை அல்ல, காரண வரிசை. நடு அடுக்கை அறிந்து, அதற்கேற்ப எந்த உலகத்தைப் படைப்பது என்று தீர்மானிக்கிறார்.

வேத ஆதாரமாக 1 சாமுவேல் 23ஐ எடுப்பார்கள், வகுப்புக்கும் நல்ல பகுதி. கேகிலா என்ற ஊரில் தாவீது தேவனிடம் இரண்டு கேள்வி கேட்கிறார். என்னைக் கொல்லத் தேடும் சவுல் ராஜா வருவானா? வருவான். ஊரார் என்னை ஒப்புக்கொடுப்பார்களா? ஒப்புக்கொடுப்பார்கள். கேட்டவுடன் ஏறக்குறைய 600 பேரோடு கிளம்பிவிடுகிறார். சவுல் வரவில்லை, யாரும் ஒப்புக்கொடுக்கவும் இல்லை. தேவன் சொன்னது பொய்யா? இல்லை, ‘நீ இங்கே இருந்தால்’ என்ற நிபந்தனை உள்ளே இருந்தது. தெரிந்ததால் தாவீது உட்கார்ந்துவிடவில்லை, தெரிந்ததால் நடந்தார். எஸ்.பி.எம். பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி கிடையாது.

பலவீனம்: நடக்காமலே போனதை உண்மையாக்குவது எது? இன்னொரு கத்தோலிக்கத் துறவற சபையான டொமினிக்கன் சபையினர் விடவில்லை. ரோமில் வருஷக்கணக்கில் விசாரணை நடந்து, 1607இல் போப் ஐந்தாம் பவுல் தீர்ப்பே சொல்லாமல் முடித்தார், ஒருவரையொருவர் பதிதர் என்று சொல்லக் கூடாது என்பதோடு சரி.

சபை வேறுபாடு: முன்னறிதலும் முன்குறித்தலும் இரண்டு சொல், ரோமர் 8:29இல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. சண்டை முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மெதடிஸ்ட் பிள்ளைக்கு, அந்தச் சபையைத் தொடங்கிய வெஸ்லியின் 1773 பிரசங்கம்: சூரியன் பிரகாசிப்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரிவதால் அது பிரகாசிக்கவில்லை, பிரகாசிப்பதால் எனக்குத் தெரிகிறது. தேவன் விசுவாசத்தை முன்னறிகிறார், பிறகு குறிக்கிறார்.

வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையைப் பின்பற்றும் பிரஸ்பிட்டேரியன் பிள்ளை இருந்தால் அப்படியே தலைகீழ். 3ஆம் அதிகாரம், முன்னறிந்ததால் தேவன் எதையும் தீர்மானிக்கவில்லை என்கிறது. அதே மூச்சில், அவர் பாவத்துக்குக் காரணர் அல்ல, சிருஷ்டியின் சித்தத்துக்கு வன்முறை செய்வதும் இல்லை என்கிறது. அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டுச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கும் அநியாயம். ‘முன்னறிந்தார்’ என்றால் முன்னமே தமக்கென்று நேசித்தார் என்பது அவர்கள் வாசிப்பு, ஆமோஸ் 3:2ஐக் காட்டுவார்கள்.

லுத்தரன்கள் இரண்டிலும் சேரமாட்டார்கள். அவர்களுடைய 1577 விசுவாச அறிக்கையின் 11ஆம் பிரிவு: முன்னறிவு நன்மை தீமை எல்லாவற்றையும் அறியும், ஆனால் தீமைக்குக் காரணமல்ல. தெரிந்துகொள்ளுதல் (தேவன் இரட்சிப்புக்கென்று தேர்ந்தெடுப்பது) தேவனுடைய பிள்ளைகளுக்கு மட்டும், அவர்கள் இரட்சிப்புக்கு அதுவே காரணம். லூத்தர் 1525இல் ‘சித்தம் அடிமைப்பட்டது’ என்று எழுதியது இரட்சிப்பு விஷயத்தில். 1530 அவுக்ஸ்பூர்க் அறிக்கை 18ஆம் பிரிவு, புத்திக்கு எட்டும் உலக காரியங்களில் மனிதனுக்கு ஓரளவு சுயாதீனம் உண்டு என்கிறது. பரீட்சை அந்தக் கணக்கில்தான் வரும். லூத்தரைக் காட்டிப் படிக்காமல் இருக்க முடியாது.

ஜாலான் ஈப்போ வாசகன்

இவ்வளவு சுற்று எதற்கு? இன்னும் நடக்காததில் அறிய ஒன்றுமில்லை, அதனால் தேவன் அறியவில்லை என்று விட்டுவிடலாமே. 40 நாளில் நினிவே நகரம் கவிழ்க்கப்படும் என்றார் யோனா, கவிழவில்லை. தேவனே ஆபிரகாமிடம் ‘இப்பொழுது அறிந்திருக்கிறேன்’ என்றார்.

பட்டர்வொர்த் போதகர்

திறந்த இறையியல் என்பது அதுதான், 1994க்குப் பிறகு சுவிசேஷ சபைகளில் பெரிய சர்ச்சையானது. யோனாவுக்கு எரேமியா 18:7-10 போதும்: ஒரு ஜாதி மனந்திரும்பினால் தீங்கை விட்டுவிடுவேன் என்ற நிபந்தனை அங்கே வெளிப்படையாக இருக்கிறது. உங்கள் வழி மாட்டிக்கொள்வது பேதுருவிடம். ‘நீ பயப்படுவாய்’ என்றால் குணத்தை வைத்து ஊகித்தார் எனலாம். சேவல் கூவுமுன் மூன்று தரம் என்ற கணக்கை ஊகிக்க முடியாது. டீச்சர், மேற்சொன்ன எந்தச் சபையின் அறிக்கையும் இதை ஏற்கவில்லை, வகுப்பில் ஒரு வரியோடு கடந்துவிடுங்கள்.

40 நிமிடத்தைப் பிரித்தால்: சங்கீதம் 139:1-6 ஐந்து நிமிடம். சோம்பேறி வாதம் பத்து, இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பலகையின் இரண்டு வரி பத்து. கேகிலா பத்து. மிச்சம் கேள்விகளுக்கு. ஓக்காமைக் கையில் வைத்திருங்கள், கேட்டால் மட்டும் எடுங்கள். யூதாஸை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். அங்கே கேள்வி அறிவைப் பற்றியது மட்டுமல்ல, லூக்கா 22:22இல் ‘தீர்மானிக்கப்பட்டபடியே’ என்ற சொல்லும் ‘ஐயோ’வும் ஒரே வசனத்தில் வருகின்றன, கால் மணி நேரத்தில் தாண்ட முடியாது. பார்வோனையும் அதோடு சேர்க்கலாம்: யாத்திராகமம் 8:15, 8:32இல் அவனே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான், கர்த்தர் கடினப்படுத்தினார் என்பது நடந்ததாக முதலில் வருவது 9:12இல். வசன எண்களைப் பிள்ளைகளே தேடி வரிசைப்படுத்தட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வேதபாடம்

நன்றி பாஸ்டர், எல்லோருக்கும். யூதாஸும் பார்வோனும் அடுத்த வாரம். ரொட்டி சானாயை மட்டும் மாற்ற வேண்டும். வகுப்பு காலை எட்டரைக்கு, பாதிப் பேர் பசியோடு வருகிறவர்கள், துங்கு வரை வரமாட்டார்கள்.