13-ஆம் இடம் வந்தவர் பந்தய வீரரா, தையல்காரரா?

ராயபுரம் ரெஞ்சு: பந்தய உடை, பெல்ட், ஹெல்மெட் தயாரித்த அமெரிக்கர் பில் சிம்ப்சன் கார் பந்தய வீரரே அல்லவாம். ஓட்ட வராமல் ஊசிநூலைக் கையில் எடுத்த தையல்காரராம். நேற்று பெரம்பூர்க்காரர் ஒருவர் இப்படி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். 18 வயதில் டிராக் எனும் நேர்கோட்டுக் குறுந்தூரப் பந்தயத்தில் மோதி இரண்டு கைகளும் முறிந்து கிடந்தவர் சிம்ப்சன். அதன் பிறகுதான் காரை நிறுத்தப் பின்னால் பாராசூட் கட்டும் வேலையில் இறங்கினார். 1974-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 கார் பந்தயத்தில் ஓட்டினார். 33 பேரில் 13-ஆம் இடம். இவரா தையல்காரர்?

பெரம்பூர் கியர்: எழுதியவன் நான்தான். 13 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

ராயபுரம் ரெஞ்சு: அந்த 33 பேரில் ஒருவராக நிற்பதற்கே எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள் தெரியுமா?

பெரம்பூர் கியர்: வென்றவர் ஜானி ரதர்ஃபோர்டு. சிம்ப்சனுக்கு முன்னால் 12 பேர். என் மாமா சோழவரத்தில் ஓட்டியவர். 13-ஆம் இடம் வந்திருந்தால் வீட்டில் வாயே திறந்திருக்க மாட்டார்.

கொடுங்கையூர் கிளட்ச்: 13-ஐ விடுங்கள். விண்வெளி வீரர் பீட் கான்ராட் மூலம் அறிந்த நோமெக்ஸ் எனும் தீத்தாங்கும் துணியில் உடை தைத்தார். அதை மாட்டிக்கொண்டு தன் மேலேயே தீ வைத்துக் காட்டினார். தான் தைத்த சட்டையை உடம்போடு கொளுத்திக்கொள்ளும் தையல்காரர் உங்கள் தெருவில் இருக்கிறாரா?

பெரம்பூர் கியர்: நோமெக்ஸ் டூபாண்ட் நிறுவனத்தின் துணி. தையல் மட்டும் இவருடையது. நானும் அதைத்தானே சொன்னேன்? 2001-இல் டேடோனா கார் பந்தயத்தில் வீரர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தபோது பிரிந்து கிடந்தது யாருடைய பெல்ட்?

ராயபுரம் ரெஞ்சு: பொருத்திய விதம்தான் தவறு என்று சிம்ப்சன் கடைசிவரை சொன்னார். அந்தப் பந்தயத்தை நடத்திய நாஸ்கார் அமைப்பின் மீது வழக்கே போட்டார். போன வாரம் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஓரம் சறுக்கி விழுந்த பையன் என் பட்டறைக்கு வந்தான். ஹெல்மெட் ஓட்டில் காது முதல் நெற்றி வரை விரிசல். உள்ளே தெர்மாகோல் நசுங்கி அப்பளமாகிவிட்டது. தாடை வார் மட்டும் பூட்டியபடியே இருந்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவனிடம் போய்ச் சொல்லுங்கள் உங்கள் 13-ஐ.

பெரம்பூர் கியர்: அது சிம்ப்சன் ஹெல்மெட்டா?

ராயபுரம் ரெஞ்சு: இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட சாதாரண ஹெல்மெட்.

பெரம்பூர் கியர்: பிறகென்ன?

கொடுங்கையூர் கிளட்ச்: சோழவரம் நம் வடசென்னையின் பெருமை. அதையாவது சண்டையில் இழுக்காதீர்கள்.

மாதவரம் மீட்டர்: சோழவரம் திருவள்ளூர் மாவட்டம்.

ராயபுரம் ரெஞ்சு: மாவட்ட எல்லையை யார் கேட்டது? சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்கள் சீறிய காலத்தில் கூட்டம் எங்கிருந்து போனது? எங்கள் தெருக்களிலிருந்துதான். பிறகு பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூர் பக்கம், இருங்காட்டுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நம் பக்கம் மிச்சமிருப்பது கன்டெய்னர் வரிசை.

பெரம்பூர் கியர்: அப்படியே இருக்கட்டும். 13, 13-தான்.

ராயபுரம் ரெஞ்சு: உங்கள் மாமா எத்தனையாவது வந்தார்? அதை ஏன் சொல்லவில்லை?

பெரம்பூர் கியர்: குடும்பத்தை இழுக்க வேண்டாம்.

ராயபுரம் ரெஞ்சு: இழுத்தது யார்? மேலே போய்ப் படியுங்கள்.

கொடுங்கையூர் கிளட்ச்: ரெஞ்சு அண்ணே, என் வண்டியின் சைலன்சரைக் கழற்றிவைத்து 9 நாள் ஆகிறது.

ராயபுரம் ரெஞ்சு: நாளை வா தம்பி. பெரம்பூர்க்காரரே, எத்தனையாவது இடம்?